விடுகைச் சொற்கள்: தருமபுரி வழக்கு

விட்டு விலகுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் தருமபுரி மாவட்டத்துக்குள் மூன்று வழியாக வந்து சேர்ந்தன: தாலுகா ஆபீஸ், பெங்களூர் பஸ், சீட்டுக்கட்டு. 'ஜகா வாங்குதல்' இந்தி வழி வந்தது. 'அப்பீட்டு ஆதல்' பம்பர ஆட்டத்துக்குச் சொந்தமானது. இரண்டும் இந்த மூன்று வழியில் வந்தவை அல்ல என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

ஆபீஸ் வழிதான் பழையது. ஆனால் அங்கே ஆங்கிலத்துக்கு முதல் அடியே சறுக்கல். 1792-ல் இந்த வட்டாரம் அடங்கிய பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற வரிமுறைக்கு இந்த வட்டாரத்தில்தான் அடி போட்டார்கள். அந்த முறையில் குடியானவனுக்கு நிலத்தை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு, கட்டுப்படியாகாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவும் உரிமை உண்டு. எழுதிக் கொடுக்கும் தாளுக்கு ராஜினாமா என்று பெயர். பாரசீகத்தில் அதற்குச் சம்மதக் கடிதம் என்றுதான் பொருள். வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் கணக்கில் 'ரிலிங்க்விஷ்மென்ட்' என்று எழுதிக்கொண்டார்கள். அது ஒருவர் வாயிலும் நுழையவில்லை. மன்றோவே 1799-ல் கன்னடக் கரைக்கு அனுப்பப்பட்டு, அங்கே இருப்புக் கொள்ளாமல் மறு ஆண்டே வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். விலகுவதன் மரியாதையான வடிவம் டிரான்ஸ்ஃபர் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேடவேண்டியதில்லை.

இரண்டாவது வழி சுமார் 130 கிலோமீட்டர் நீளமுள்ளது. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துப் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிற அதே பஸ்ஸில்தான் ரிசைன், ரிலீவ், அப்ஸ்காண்ட், நோட்டீஸ் பீரியட் எல்லாம் ஊர் வந்து இறங்குகின்றன. வேலையை விட்டதற்குக் கம்பெனி வழக்கு 'பேப்பர் போட்டுட்டேன்' என்பது. வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டு, படித்த பிள்ளை விடியற்காலையில் சைக்கிளில் தினசரி போடுவதாக எண்ணி மனம் நொந்துபோவதுண்டு. 'ரிலீவ்' அவ்வளவு ஆபத்தில்லாதது. "ரிலீவ் ஆயிட்டேம்மா" என்று மகன் வாசலில் பையை இறக்குகிறான். அம்மா காதில் பின்பாதிதான் விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரிக்கு அவள் சொல்லும் செய்தி: "பையன் லீவுல வந்திருக்கான்." மூன்று மாதம் போன பிறகும் அது லீவுதான்.

இந்தக் குடும்பத்துக்கெல்லாம் தலைச்சொல்லான 'குவிட்' பேச்சில் ஒட்டவே இல்லை. 1942 ஆகஸ்டில் 'குவிட் இந்தியா' என்ற முழக்கமாக வந்தது. தமிழ் அதை 'வெளியேறு' என்று மாற்றிக்கொண்டு, ஆங்கிலச் சொல்லையும் ஆங்கிலேயரோடு சேர்த்து அனுப்பிவிட்டது. அதன் பிறப்பு மட்டும் கவனிக்கத்தக்கது. லத்தீன் 'குயீட்டஸ்' என்றால் அமைதியானது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சேர்ந்தபோது, கடன் தீர்ந்து விடுபட்டவன் என்ற பொருள் ஏறியிருந்தது. குவிட், கொயட், அக்விட் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பாக்கி வைத்துவிட்டு ஓடுவது ஆதியில் குவிட் ஆகாது. யூனிஃபார்ம், ஐடி கார்டு, அட்வான்ஸ் பாக்கி எல்லாம் கழித்து 'ஃபுல் அண்ட் ஃபைனல்' போடும் ஹெச்.ஆர். ஆட்கள், லத்தீன் தெரியாமலேயே அந்தப் பழைய பொருளை மீட்டுத் தந்திருக்கிறார்கள்.

ஆய்வுக்கு அதிகம் தீனி போடுவது மூன்றாவது வழி. ரம்மியில் 13 சீட்டைப் பிரித்துப் பார்த்து, ஜோக்கரும் இல்லை சீக்வன்ஸும் கூடாது என்று தெரிந்தால், முதல் சீட்டை எடுக்கும் முன்பே கவிழ்த்துவிடலாம். அதற்குப் பெயர் ஸ்கூட். ஆங்கிலத்தில் அதற்கு ஓட்டம் பிடி என்று பொருள். சும்மா ஒரு கை பார்ப்போம் என்று எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கவிழ்ப்பது மிடில் ஸ்கூட். கவிழ்க்க மனசு வராமல் கடைசிவரை வீறாப்பாக உட்கார்ந்தவன் வாங்குவது ஃபுல். 101 புள்ளி ஆட்டத்தில் இவற்றின் விலை முறையே 20, 40, 80. எப்போது விட்டால் எவ்வளவு நஷ்டம் என்பதற்கு இவ்வளவு தெளிவான பட்டியல் கல்யாணத்துக்கும் இல்லை, இன்ஜினியரிங் படிப்புக்கும் இல்லை. புளியங்கொட்டை வைத்து ஆடினாலும் முறை இதுதான். முக்கியமான இன்னொன்று: புளியமரத்தடியில் "ஸ்கூட்" என்றவனை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நோட்டுக்காரன் 20 என்று எழுதுகிறான், அடுத்தவன் சீட்டு எடுக்கிறான்.

இலக்கண நிலையில், இச்சொற்கள் தனியாக நிற்கா. தமிழ்த் துணைவினை ஒன்று முட்டுக்கொடுக்க வேண்டும். பழி யார் மேல் என்பதைத் தீர்மானிப்பது அந்த முட்டுதான். 'காலேஜ் டிஸ்கன்டினியூ பண்ணிட்டான்' என்றால் பையன் குற்றவாளி. 'டிஸ்கன்டினியூ ஆயிடுச்சு' என்றால் அது மழை மாதிரி தானாக நடந்தது. சொந்தப் பிள்ளைக்கு 'ஆயிடுச்சு', பங்காளி பிள்ளைக்குப் 'பண்ணிட்டான்' என்பது பொதுவிதி. விருப்ப ஓய்வைக் குறிக்கும் வி.ஆர்.எஸ். மட்டும் இரண்டு பக்கமும் சாயும்: ஒரே ஆள் அதைக் கொடுத்தார் என்பாரும் உண்டு, வாங்கினார் என்பாரும் உண்டு.

செயலுக்கு இத்தனை சொல் வந்தும், செய்த ஆளைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர் ஏறக்குறைய எதுவும் வரவில்லை. 'குவிட்டர்' தொப்பூர் கணவாயைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடக் கணக்கில் வரும் 'டிராப் அவுட்' ஒன்றே விலக்கு. அதுவும் ஃபைலில் 'இடைநின்ற மாணவர்' ஆகிவிடுகிறது. ஆளைத் திட்டும்போது ஆங்கிலம் போதவில்லை போலும். தோத்தாங்குளி, பயந்தாங்கொள்ளி, ஓடுகாலி என்று தமிழே பொறுப்பேற்றுக்கொள்கிறது. இவற்றில் ஓடுகாலி பெரும்பாலும் பெண்ணுக்கே ஒதுக்கப்பட்டது. ஆண் ஓடினால் 'சொல்லாம போயிட்டான்'.

ஆங்கிலம் வருமுன் விட்டு விலகிய ஆளுக்கு இங்கே என்ன பெயர் என்பதைக் கண்டறிய ஆதாரம் குறைவு. இம்மாவட்டத்தில் நடுகற்கள் ஏராளம். பல தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. மாட்டு மந்தையைக் கவரப் போய், அல்லது மீட்கப் போய் விழுந்தவர்களின் பெயர்களைப் பல்லவர் கால வட்டெழுத்தில் அவற்றில் படிக்கலாம். நிலவரம் பார்த்து முதலிலேயே கவிழ்த்துவிட்டு வீடு திரும்பியவனுக்கு யாரும் கல் நடவில்லை. அன்றிரவு வாசலில் நின்று அம்மாவிடம் அவன் என்ன சொன்னான் என்பதும் எங்கும் பொறிக்கப்படவில்லை. லீவு என்று சொல்லியிருக்க முடியாது.