கழுத்து வலியைக் கட்டிக்காப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் பஞ்சமில்லை. ஆகவே குனிந்து குனிந்து விடைத்தாள் திருத்தும் கழுத்துகளுக்கும் பஞ்சமில்லை. வலி வந்துட்டா, அண்ணாச்சி? விட்றாதீங்க. சாதாரணப் பிடிப்பு சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில், பெரும்பாலும் தானாகவே போய்விடும். அதைத் தங்கவைக்கத் தனித் திறமை வேண்டும்.

முதல் வேலையாகத் தலையணையை மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். தலையணைக்கு ரொம்ப நல்லது. பிறகு, காலால் பிறந்தவர் யாரென்று தெருவில் விசாரித்து மிதி வாங்குங்கள்.

அடுத்தது சலூன். முடிவெட்டி முடித்ததும் கடைக்காரர் ஒரு கையால் நாடியையும் மறு கையால் பிடரியையும் பிடித்து ‘சொடக்’கென்று திருப்புவார். எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டதாக நம்புங்கள். மூட்டு நீருக்குள் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம்தான் அது. கழுத்தெலும்புத் துளைகள் வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக் குழாய்கள் இந்த வெடுக்கில் அபூர்வமாகக் கிழிந்து, பக்கவாதம்வரை போவதுண்டு. அதற்காக டிப்ஸைக் குறைக்காதீர்கள்.

1964 முதல் இதே ஊரில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று தொக்கணத்தை, அதாவது உடம்பு பிடித்துவிடுதலை, ஒன்பதாக வகுத்த வைத்தியம் அது. சலூன் வேகம் அங்கே கிடைக்காது.

பிசியோதெரபிஸ்ட் இன்னும் மோசம். கை வைக்கும் முன்னே கேள்வி. வலி விரல்வரை இறங்குதா? மரத்துப்போகுதா? சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுதா? நடை தள்ளாடுதா? சிறுநீர் அடக்க முடியலையா? காய்ச்சல் உண்டா? கீழே விழுந்தீங்களா? ஒன்றுக்கு ‘ஆமா’ என்றாலும் நீவிவிடமாட்டார், டாக்டரிடம் அனுப்பிவிடுவார். காசு கொடுத்தும் இந்தக் கதி. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் இரண்டு பக்கமும் திரும்பச் சொல்லிப் பாகைக் கணக்குப் பார்ப்பார்; நல்ல கழுத்து ஒரு பக்கம் 80 பாகைவரை திரும்புமாம்.

பிறகு இதமாக நீவிவிடுவார். அதோடு எழுந்து ஓடிவந்துவிட வேண்டும். உட்கார்ந்தால் தொல்லை: குனியாமல் நிமிராமல் நாடியை மட்டும் பின்னுக்கு இழு, இரட்டை நாடி விழணும், பத்து எண்ணு, பத்துத் தடவை செய் என்பார். நீவல் கொடுக்கும் சுகம் கொஞ்ச நேரம்தான், அந்த இடைவெளியில் ஆழத்துத் தசைகளை உசுப்பணும் என்று விளக்கமும் தருவார். அரை மணிக்கொருதரம் எழுந்து நடக்கவும் சொல்வார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லித் தப்பித்துவிடுங்கள்.

கடைசி அஸ்திரம் கழுத்துப் பட்டை. மாசக்கணக்கில் கழற்றாதீர்கள், உள்ளே தசை சும்மா கிடந்து இளைத்துக்கொள்ளும். அதோடு கல்யாண வீட்டுக்குப் போனால் ஃபேனுக்கு அடியில் நாற்காலி, முதல் பந்தியில் இலை.