நேம்ஸ்பேஸ் தலபுராணம்

தலபுராணம் என்றால் முதலில் யாராவது யாருக்காவது யோசிக்காமல் ஒரு வரம் கொடுத்தாக வேண்டும். இந்தப் புராணத்தில் கொடுத்தது, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி. 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல்லை வெளியிட்டு, "உங்கள் தரவுக்கு உங்கள் இஷ்டம்போல் டேக் வைத்துக்கொள்ளுங்கள்" என்று உலகத்துக்கு அருளியது. உலகமும் வைத்துக்கொண்டது. புத்தகக் கடைக்காரர் 'டைட்டில்' என்று போட்டு நூலின் தலைப்பை எழுதினார். ஆஸ்பத்திரிக்காரர் அதே 'டைட்டில்' போட்டு டாக்டர், திருமதி வகையறாக்களை எழுதினார். வக்கீல் அதே சொல்லில் சொத்துரிமையை எழுதினார். மூன்று கோப்புகளையும் ஒரே கம்ப்யூட்டரில் கொட்டினால், 'திருமதி' என்ற நாவல் வில்லங்கச் சான்றிதழோடு விற்பனைக்கு வரும்.

பரிகாரம் 1999 ஜனவரியில் வந்தது. டிம் ப்ரே, டேவ் ஹாலண்டர், ஆண்ட்ரூ லேமன் மூவரும் தொகுத்த ஆவணம் சொன்னது இதுதான்: ஒவ்வொரு சொல்லையும் ஓர் இணைய முகவரியோடு முடிந்துவிடு. அந்த முடிச்சுக்குப் பெயர் நேம்ஸ்பேஸ். ஏன் முகவரி? ஒரே டொமைன் பெயரை ஒரே நேரத்தில் இரண்டு பேர் வைத்திருக்க முடியாது. அதற்கான பதிவேடு, ஆபீஸ், வருடச் சந்தா, சண்டை எல்லாவற்றையும் வேறு யாரோ ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பார்க்க முகவரி மாதிரி இருந்தாலும் அது வெறும் பெயர்தான். அங்கே போனால் ஏதாவது இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'எச்டிடிபி' என்று ஆரம்பிக்கும் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, திறந்து பார்க்காதே என்று சொல்வது, குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன வைத்தியரின் கட்சி. நிரலாளர்கள் திறந்தார்கள். அவர்கள் எழுதிய நிரல்களும் திறந்தன. 2008இல் டபிள்யூ3சி பகிரங்கமாகவே புலம்பியது. நேம்ஸ்பேஸுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் டிடிடி என்ற இலக்கணக் கோப்புகளைக் கேட்டு மட்டும் ஒரு நாளைக்கு 13 கோடி வரை கோரிக்கைகள் வந்தனவாம். வருடக்கணக்கில் ஒரு கமாகூட மாறாத கோப்புகள். பின்னாளில் டபிள்யூ3சி அவற்றை வேண்டுமென்றே தாமதமாக அனுப்பத் தொடங்கி, அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தது.

அடுத்தது பெயர் ஒதுக்கிய அழகு. நல்ல முகவரி என்றைக்கும் மாறாது என்று, வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் ஒரு கட்டுரையே எழுதினார். முகவரியில் போட வேண்டியது எது? உருவாக்கிய தேதி, அதுதான் பிற்காலத்தில் மாறாது. அப்பழுக்கற்ற தர்க்கம். விளைவு, ஆர்டிஎஃப் என்ற தரவுமொழியின் நேம்ஸ்பேஸில் 1999/02/22 என்று நாள் உட்பட ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் தம்பிக்கு 2000/01. மாதத்தோடு விட்டார்கள், நாள் இல்லை. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவுக்கு 2001 மட்டும், மாதமும் இல்லை. அவுல் என்ற மொழிக்கு 2002/07, ஆனால் அது தரநிலையாகப் பட்டம் வாங்கியது 2004இல். ஸ்காஸ் என்ற சொல்தொகுதிக்கு 2004/02, பட்டம் கிடைத்தது 2009இல். சொந்த அம்மா அப்பாவின் கல்யாண நாளை மறந்துபோகும் இன்ஜினியர்கள், 1999 பிப்ரவரி 22 என்றால் தூக்கத்திலும் சொல்வார்கள். ஒரு எழுத்து பிசகினாலும் அது இன்னொரு பெயர். எந்த எச்சரிக்கையும் வராது, தரவு மட்டும் ஊமையாகிவிடும். பிறகுதான் டபிள்யூ3சிக்கு ஞானோதயம் வந்து, 'என்எஸ்' என்று ஒரு தெருவைத் திறந்து, தேதி ஒட்டாத சின்னப் பெயர்களைக் கொடுக்க ஆரம்பித்தது.

முகவரியின் வாலில் வைப்பது ஹாஷா, சாய்கோடா என்ற வைணவ சைவப் பிளவையும் சொல்லியாக வேண்டும். 2002இல் பெர்னர்ஸ்-லீயே அதன் வேரைத் தோண்டிவிட்டார். ஒரு முகவரி பாரிஸ் நகரத்தைக் குறிக்கிறது என்று வையுங்கள். சர்வரைக் கேட்டால் "200, சரி, இந்தா" என்கிறது. எதைக் கொடுத்தது? ஈஃபிள் கோபுரம் சகிதம் நகரத்தையா, நகரத்தைப் பற்றி யாரோ எழுதிய பக்கத்தையா? அந்தப் பக்கத்தை எழுதியவர் பெயரை முகவரியோடு சேர்த்தால், பாரிஸைக் கட்டியவர் அவரே என்று ஆகிவிடாதா? 'எச்டிடிபிரேஞ்ச்-14' என்று அதற்கு வழக்கு எண் மாதிரி ஒரு பெயர். பெரிய பெரிய மூளைகள் மோதிக்கொண்டன. 2005 ஜூனில் தீர்ப்பு வந்தது: 200 என்று பதில் வந்தால் அது ஆவணம்; நகரம், மனிதன் போன்ற பண்டங்களைக் கேட்டால் 303 என்று சொல்லி, விவரம் இருக்கும் வேறு முகவரியைக் கைகாட்டு. மூன்று வருடம் யோசித்துக் கண்டுபிடித்த இந்தப் பதில், எந்தத் தாலுகா ஆபீஸிலும் முதல் ஜன்னலிலேயே கிடைக்கும். ஹாஷ்காரர்களுக்கு இந்த வம்பே இல்லை. ஹாஷுக்குப் பின்னால் இருப்பது சர்வருக்கே போவதில்லை.

டப்ளின் கோர் தனி அத்தியாயம். 1995 மார்ச்சில் நூலகப் பட்டியல்காரர்களும் இணையக்காரர்களும் கூடியது அயர்லாந்தில் அல்ல. அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள டப்ளினில், ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவின் தலைமையகத்தில். அங்கே கிளம்பிய பட்டியல், கடைசியில் 15 சொற்களில் நின்றது. முகவரி கேட்டபோது, ஓசிஎல்சி நடத்திய பர்ல் என்ற 'நிரந்தர' முகவரிச் சேவையில் ஒதுக்கினார்கள். அந்த 'நிரந்தர'த்தை நடத்திய ஓசிஎல்சியே 2016இல் அதை இன்டர்நெட் ஆர்க்கைவிடம் ஒப்படைத்துவிட்டது. ஆனாலும் முகவரி மாறவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். நிஜமான வேடிக்கை வேறு: அந்த 15 சொற்களையும் 2008இல் இன்னொரு நேம்ஸ்பேஸில் மறுபடி வைத்தார்கள். ஆக, டப்ளின் கோர் என்ற ஒரே வீட்டுக்குள் இப்போது இரண்டு 'டைட்டில்'. இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டால், தெரிந்தவர்கள் இருமுவார்கள்.

மனிதர்களையும் அவர்களது நட்பையும் விவரிக்க டான் பிரிக்லியும் லிபி மில்லரும் 2000இல் தொடங்கிய ஃபோஃப், முகவரியில் 0.1 என்று பதிப்பு எண்ணைப் போட்டுக்கொண்டது. ஆவணம் வளர்ந்து 2014இல் 0.99 ஆனது. முகவரி? 0.1. மாற்றினால் உலகம் முழுக்க எழுதிய தரவு அநாதையாகும் என்பதால் கை வைக்கவில்லை. 'டிஎன்ஏ செக்சம்' என்று விளையாட்டுக்குச் சேர்த்த ஒரு சொல்லும் அதற்குள் உண்டு. ஜோக் என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஜோக்குக்கும் நிரந்தர முகவரி.

2011 ஜூனில் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா டாட் ஆர்க்கைத் திறந்தன. தேதி இல்லை, பதிப்பு எண் இல்லை. கல்யாண மண்டபம் முதல் கத்தரிக்காய்க் கூட்டுச் செய்முறை வரை எல்லாவற்றுக்கும் ஒரே நேம்ஸ்பேஸ். பத்து வருடத் தத்துவத்தைத் தேடுபொறிக்காரர்கள் ஒரே மூச்சில் தாண்டினார்கள். பிறகு இணையம் பாதுகாப்பாக மாறியபோது, எச்டிடிபிக்கு 'எஸ்' சேர்ப்பதா என்ற சங்கடம் வந்தது. பெயரில் ஓர் எழுத்துக் கூடினால் வேறு பெயர் அல்லவா? இரண்டும் சரிதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆசாரசீலர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மற்ற இடங்களில் அந்தச் சலுகை கிடையாது. எஸ்விஜி படங்களின் நேம்ஸ்பேஸ் இன்றும் 'எஸ்' இல்லாத எச்டிடிபிதான். பாதுகாப்பில் அக்கறை கொண்ட யாராவது கோப்பு முழுக்கத் தேடி எல்லா எச்டிடிபிக்கும் 'எஸ்' சேர்த்துச் சேமித்தால், உலாவியில் படம் வராது. அவர் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்துக்கொண்டிருப்பார்.