சமையலறைச் சுவரின் நிறம்: தென்சென்னையை முன்வைத்து ஓர் ஆய்வு

சமையலறைச் சுவர் முப்பகுதி கொண்டது: மேடைக்குக் கீழ், மேடைக்கு மேல் 2 அடி, அதற்கும் மேலே சீலிங் வரை. இவற்றுள் ஆய்வுக்குரியது நடுப்பகுதியே. கடுகு வெடிப்பதும் சாம்பார் கொதித்துத் தெறிப்பதும் அதன் எல்லைக்குள்தான்.

இச்சுவரின் வரலாறு மூன்று காலங்களாகப் பகுக்கப்படும். முதலாவது சுண்ணாம்புக் காலம். மயிலாப்பூர் மாடவீதிப் பழைய வீடுகளில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தனர். பளிச்சென்றிருக்கச் சிறிது நீலமும் கலந்தனர். விறகடுப்புப் புகை அவ்வெள்ளையை வெகுநாள் விட்டுவைக்கவில்லை. இரண்டாவது டிஸ்டெம்பர்க் காலம். ஈரத்துணியால் துடைத்தால் கறை சுவரிலேயே இருக்க, நிறம் மட்டும் துணிக்கு வந்தது. மூன்றாவது டைல்ஸ் காலம். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய தி.நகரில் தனி வீடுகள் ஃபிளாட்டுகளானபோது, குஜராத்தின் மோர்பிச் சூளைகளில் வெந்த டைல்ஸ் சுவரேறின. டபரா டம்ளரில் காபி குடிக்கும் குடும்பத்தின் அடுப்புக்கு மேலே பீங்கான் கோப்பையும் திராட்சைக் குலையும் அச்சிட்ட ‘ஹைலைட்டர்’ டைல்ஸ் அமர்ந்தது இக்காலத்தின் தனிச்சிறப்பு.

இனி வேதியியல். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கூடிச் சிவப்பது இவ்விதியால்தான். சாம்பார்க் கறையைச் சோப்புநீரால் துடைப்பவருக்கு மஞ்சள் கறைக்குப் பதில் செங்கறை கிட்டுவதும் அதனாலேயே. வழுவழுப்பான டைல்ஸில் அது துடைத்தால் போய்விடும். ஜாயிண்டில் அடைத்த வெள்ளை சிமெண்டுக்குள் இறங்கினால் எளிதில் போகாது.

நிறத் தேர்வு கூட்டு முடிவாகும். தாத்தா வெள்ளை என்பார். வாஸ்து அறிந்த சித்தப்பா, அக்னி மூலையில் கறுப்பு ஆகாது என்பார். கலிஃபோர்னியாவிலிருக்கும் பிள்ளை வீடியோ அழைப்பில் சாம்பல் நிறத்துக்கு வாதாடுவான். அன்றாடம் அங்கே நின்று சமைப்பவரின் கருத்து பெரும்பாலும் கடைசியில் கேட்கப்படும். இறுதியில் மேஸ்திரி, “ஐவரி போட்டுடுங்க சார், அழுக்கு தெரியாது” என்பார். அடையாறு ஃபிளாட்டுகளில் ஐவரி பெற்ற வெற்றிக்கு அழகியல் காரணமில்லை. இளமஞ்சள் சுவரில் மஞ்சள் கறை கண்ணில் படாது, அவ்வளவே.

ஆகவே சமையலறைச் சுவரின் நிறத்தை முடிவுசெய்வது குடும்பமன்று, அஞ்சறைப்பெட்டி. டைல்ஸ் கடையில் நிறம் பார்க்கச் செலவிடும் நேரத்தில் பாதியைக் கறை பிடிக்காத எபாக்ஸி ஜாயிண்ட் விசாரிக்கச் செலவிடுதல் நலம்.