பழி ஏற்கும் பதவிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மாட்சிமை பொருந்திய கல்வித் துறையினர்,
பிரிட்டன் அரசு,
வெஸ்ட்மின்ஸ்டர், லண்டன்.

பொருள்: தொடக்கப்பள்ளி கவர்னர் பதவி – காலியிட விளம்பரத்தில் விடுபட்ட ஒரு வரியைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் நாட்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பள்ளி கவர்னர்களாக இருக்கிறார்கள். இவர்களுக்கு மாளிகை கிடையாது, மெய்க்காவலர் கிடையாது, சம்பளமும் கிடையாது. வேலை முடிந்து வந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து, பள்ளி எந்தத் திசையில் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். தலைமையாசிரியரைக் கேள்வி கேட்கிறார்கள். பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கிறார்கள். பெரும்பாலும் நான்காண்டுப் பதவிக்காலம். கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தருக்கு ஊதியம் உண்டு. அவர் எழுதிக்கொள்ளும்படி பேசுகிறவர்களுக்கு இல்லை. இதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. பொதுப்பள்ளியை அதன் அக்கம்பக்கத்தார் மேற்பார்ப்பது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். உங்கள் விளம்பரத்தில் ஒரே ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்பதே என் முறையீடு. ‘இப்பதவியில் அமர்பவர், தன்னால் மாற்ற முடியாதவற்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்’ என்பது அந்த வரி.

மிகையாகச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். சான்றுகளெல்லாம் உங்கள் கோப்புகளிலேயே இருக்கின்றன. உள்ளாட்சியின் கீழுள்ள பள்ளிக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. கவர்னர்கள் வசந்த காலத்தில் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தாக வேண்டும். அதில் மிகப் பெரிய செலவு ஊழியர் சம்பளம். ஆசிரியர் சம்பளத்தை முடிவு செய்வதோ நீங்கள், அதுவும் பெரும்பாலும் கோடையில். 2022 ஜூலையில், அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கு 5 விழுக்காடு உயர்வு என்று அறிவித்தீர்கள். ஆசிரியர்களுக்கு அது சேர வேண்டியதுதான். விலைவாசியைப் பார்த்தால் போதாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அறிவிப்போடு பணம் வரவில்லை. கூடுதல் நிதி பற்றிய செய்தி நவம்பரில் வந்தது, அதுவும் அடுத்த நிதியாண்டிலிருந்து. இடைப்பட்ட மாதங்களில் யாருடைய வேலை நேரத்தைக் குறைப்பது, எந்த உதவியாளரை நிறுத்துவது என்று தலைமையாசிரியரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் அந்தச் சின்ன நாற்காலிக்காரர்கள்தாம். பிறகு பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் ஆய்வாளர் வந்து, பள்ளித் தலைமையை மதிப்பிடும்போது, நிர்வாகக் குழு நிதியைத் தொலைநோக்கோடு கையாண்டதா என்றும் பார்ப்பார். தொலைநோக்கில் ஜூலை மாதம் தெரியாது என்பதை அவரிடம் யார் சொல்வது?

2023 ஆகஸ்ட் 31 இன்னும் சிறப்பு. பள்ளி திறக்கச் சில நாள்களே இருந்தபோது, காற்றுக்குமிழ் கலந்த பழைய இலகு கான்கிரீட் எப்போது வேண்டுமானாலும் இடிந்து விழலாம் என்று அறிவித்து, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடப் பகுதிகளை மூடச் சொன்னீர்கள். அந்தக் கூரைகளைக் கவர்னர்கள் போடவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் எந்த ஒப்பந்ததாரரோ போட்டது. லண்டனில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவதும் அப்படித்தான். தலைக்கு இவ்வளவு என்று பணம் வருவதால், பிறப்பு குறைந்தால் பள்ளியின் வருமானமும் குறைகிறது. லண்டனின் ஹாக்னி பகுதியில் 2024இல் தொடக்கப்பள்ளிகள் மூடப்பட்டதற்கு அடிப்படை இதுவே. பிறப்பு விகிதத்தை உயர்த்தக் கவர்னர் குழுவுக்கு அதிகாரம் இல்லை. கேட்டால் அதற்கும் ஒரு துணைக்குழு அமைக்கச் சொல்வீர்களோ என்ற அச்சத்தில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

எல்லாக் காலத்திலும் இப்படி இருக்கவில்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கிய பள்ளி வாரியங்களை நினைத்துப் பாருங்கள். வரி செலுத்துவோர் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கப் பெண்களுக்கு உரிமை இல்லாத காலத்தில், இந்த வாரியங்களுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் அவர்களால் முடிந்தது. எமிலி டேவிஸ், எலிசபெத் காரெட் என்ற இரு பெண்கள் லண்டன் வாரியத்துக்கு முதல் தேர்தலிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கவனிக்க வேண்டியது, அந்த வாரியங்களுக்கு உள்ளூர் வரியிலிருந்து பணம் கோரும் உரிமை இருந்தது. பள்ளி போதவில்லை என்று ஊரார் ஏசினால், வரியைக் கூட்டிப் பள்ளி கட்டலாம். வரி அதிகம் என்று ஏசினால் அடுத்த தேர்தலில் தோற்கலாம். திட்டுக்கும் அதிகாரத்துக்கும் ஒரே முகவரி. 1902ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாரியங்களை ஒழித்தது. பின்னர் 1988இல் பள்ளியின் பணத்தைப் பள்ளியிடமே ஒப்படைத்தீர்கள். பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஒப்படைத்தது பங்கிடும் வேலையை மட்டும். எவ்வளவு வரும் என்பதும், அதில் பெரும்பகுதி எதற்குப் போக வேண்டும் என்பதும் உங்களிடமே நின்றுவிட்டன. பெட்டகச் சாவி ஒருவரிடமும் கணக்கு நோட்டு வேறொருவரிடமும் இருக்கும் வீட்டில், பணம் குறைந்தால் நோட்டுக்காரர்தான் விழிப்பார்.

கவர்னர்களுக்கு அதிகாரமே இல்லையா, தலைமையாசிரியரைத் தேர்வு செய்வது அவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. அது உண்மையான அதிகாரம். ஒரு தொடக்கப்பள்ளியின் விதியையே பல ஆண்டுகளுக்கு மாற்றக்கூடியது. இன்னொன்றும் உண்டு. தலைமையாசிரியர் ஒரு பிள்ளையை நிரந்தரமாக வெளியேற்றினால், 15 பள்ளி வேலைநாள்களுக்குள் கவர்னர்கள் கூடி, அந்தப் பிள்ளை திரும்பலாமா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கும் மேலே சுயேச்சையான மறுஆய்வுக் குழு ஒன்று இருந்தாலும், அதனால் முடிவை ரத்துசெய்து மறுபடி யோசிக்கச் சொல்ல முடியுமே தவிர, பிள்ளையைச் சேர்த்துக்கொள் என்று ஆணையிட முடியாது. ஆக, ஒரு குழந்தையின் வாழ்க்கையில் ஏறக்குறைய கடைசி வார்த்தை, சில மணி நேரப் பயிற்சி மட்டும் பெற்ற மூன்று அண்டைவீட்டுக்காரர்களுடையது. இதை நான் குறைசொல்லவில்லை. பல கவர்னர்கள் இதை மிகுந்த மனச்சாட்சியோடு செய்கிறார்கள். பகிர்வில் உள்ள ஒழுங்கை மட்டும் பாருங்கள். அழுகையும் கோபமும் உள்ள முடிவுகள் அவர்களுக்கு. பணமும் கொள்கையும் உள்ள முடிவுகள் உங்களுக்கு. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

பிடிக்காவிட்டால் விலகலாமே, யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது அடுத்த மறுப்பு. சரிதான், நேர்மையாக நடக்கும் கவர்னர் மீது தனிப்பட்ட முறையில் வழக்கு வந்து வீடு ஏலம் போகும் நிலையும் இல்லை. ஆனால் விலகலாம் என்பது, விலகாதவரிடம் எதை வேண்டுமானாலும் சுமத்தலாம் என்பதற்கு நியாயம் ஆகாது. சம்பளம் கொடுத்தால் தொண்டுணர்வு கெட்டுவிடும் என்ற வாதமும் உண்டு. விதிப்படி பயணச் செலவு போன்றவற்றைத் தரலாம், இழந்த ஊதியத்தைத் தரக் கூடாது. தொண்டுணர்வு அவ்வளவு மென்மையான பொருள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளி மோசமாகிவிட்டால் கவர்னர் குழுவைக் கலைத்து, இடைக்கால நிர்வாகக் குழுவை அமர்த்த 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடம்தருகிறது. அந்த இடைக்கால உறுப்பினர்களுக்கு ஊதியம் வழங்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதாவது, இந்த வேலைக்குக் காசு கிடைக்க ஏறக்குறைய ஒரே வழி, அதை இலவசமாகச் செய்தவர்கள் துரத்தப்படுவதுதான். இதையும் விளம்பரத்தில் போடலாம், ஆர்வலர்கள் கூடுவார்கள்.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் பள்ளிகளை நடத்தும் அறக்கட்டளைகளே மருந்து என்று நீங்கள் 2010 முதல் நம்பி வருகிறீர்கள். பல பள்ளிகளை ஒரே அறக்கட்டளையின் கீழ் கொண்டுவந்தால் நிபுணத்துவம் கூடும், செலவு குறையும் என்கிறீர்கள். சில இடங்களில் நடந்திருக்கிறது. சில அறக்கட்டளைகள் தத்தளித்த பள்ளிகளைக் கரையேற்றியதும் உண்மை. ஆனால் அங்கே பள்ளியளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்கு, அறக்கட்டளை எதை விட்டுக்கொடுக்கிறதோ அதுதான் அதிகாரம். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். 2016 வெள்ளை அறிக்கையில் பெற்றோர் பிரதிநிதிகளுக்கு இடம் ஒதுக்கும் கட்டாயமே வேண்டாம், திறமை இருந்தால் போதும் என்றீர்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டில் கைவிட்டீர்கள். பெற்றோருக்குத் திறமை இராது என்ற ஊகம் எங்கிருந்து வந்ததோ. பள்ளி வாசலில் தினமும் இருமுறை நின்று, எந்த ஆசிரியர் போகப்போகிறார் என்பதை உங்கள் புள்ளிவிவரத்துக்கு ஓராண்டு முன்பே அறிந்திருப்பவர்கள் அவர்கள்.

ஆகவே பணிவான கோரிக்கை: விடுபட்ட வரியை விளம்பரத்தில் சேர்த்தருளுங்கள். மனம் வராவிட்டால் அந்த வரியைப் பொய்யாக்கும் வழியும் உண்டு. சம்பள உயர்வை வரவுசெலவுத் திட்டம் முடிவாவதற்கு முன்பே, பணத்தோடு அறிவிக்கலாம். அறக்கட்டளைப் பள்ளிகளின் உள்ளூர்க் குழுவுக்குத் தலைமையாசிரியர் தேர்வில் சட்டப்படியான வாக்குரிமை தரலாம். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க நீங்கள் கவர்னர்களுக்கு விதித்த அதே 15 பள்ளி வேலைநாள்களுக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். ஆகஸ்டில் பள்ளி வேலைநாள் கிடையாது என்பதை நினைவூட்டுவதற்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
கவர்னர் பதவிக்கு இன்னமும் விண்ணப்பிக்க விரும்பும் ஒருவர்

இணைப்பு: பேருந்துக் கட்டண ரசீது. இழந்த ஊதியக் கணக்கு இணைக்கப்படவில்லை, விதி இடம்தரவில்லை.