அடைமழையும் மனசும்: கேள்வி-பதில்

"தஞ்சாவூரில் ஏது குளிர்காலம்?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். எனக்கோ ஐப்பசி பிறந்தாலே மனசு சோர்ந்துவிடுகிறது. இது வியாதியா, சோம்பலா?
*வாசகி, பாபநாசம்*

சோம்பல் இல்லவே இல்லை, அம்மா. குளிர்காலத்தில் வந்து, வெயில் ஏறினால் விலகும் மனச்சோர்வை 1984-லேயே அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் விவரித்துவிட்டார்கள். அங்கே முக்கியக் காரணம் வெளிச்சக் குறைவு. டிசம்பர் கடைசியில் டொரன்டோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. நமக்கு மார்கழியின் மிகக் குட்டையான பகலே ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். அதனால் இங்கே பகலைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், வருஷத்து மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிற ஊர் நம்முடையது. நாள்கணக்கில் மந்தாரம், சாத்திய ஜன்னல், காயாத துணி, வயலில் என்ன ஆகுமோ என்ற கவலை. இத்தனையும் சேர்ந்தால் யாருக்கும் மனசு இறங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அதிகாலையில் எழுந்து மார்கழிக் கோலம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். நிஜமா?
*வாசகி, திருவையாறு*

பாதி நிஜம். ஐந்து மணிக்குக் கோலம் போடும்போது தெரு இருட்டு. சூரியன் தலைகாட்ட ஆறரை ஆகிறது. கண்ணுக்கு வேண்டியது அதற்குப் பிறகு வரும் வெளிச்சம். மப்பு போட்டிருந்தாலும், டியூப்லைட் எரியும் கூடத்தைவிட வெட்டவெளியில் பல மடங்கு வெளிச்சம் உண்டு. ஏழு மணிக்கு மறுபடி வெளியே வந்து, காவிரிப் படித்துறைப் பக்கம் அரை மணி நேரம் நடங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கனடாவில் படிக்கும் மகன் "பனிக்காலத்தில் அழுகையா வருதும்மா" என்கிறான். பெட்டி மாதிரி ஒரு விளக்கு வாங்கப்போகிறானாம். பயன் உண்டா?
*வாசகி, மன்னார்குடி*

உண்டு. 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்காக இருக்க வேண்டும். காலையில் எழுந்த கையோடு அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும், அதையே உற்றுப் பார்க்கக் கூடாது. கண்ணில் கோளாறு இருந்தாலோ, இடையிடையே மனசு அளவுக்கு மீறித் துள்ளுகிற சுபாவம் இருந்தாலோ, முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சம்பா தண்ணிக்குள்ள கிடக்கு. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கம் இல்ல. வீட்டுல டாக்டரைப் பாருங்கிறாங்க. டாக்டரா வந்து தண்ணிய வடிய வைப்பாரு?
*விவசாயி, ஒரத்தநாடு*

வைக்க மாட்டார், ஐயா. ஆனால் தண்ணீர் வடிகிறபோது நீங்கள் தெளிவாக இருக்க வேண்டுமே! வடிகால் வெட்ட ஆள் சேர்க்கணும், என்ன மேலுரம் போடலாம் என்று வேளாண்மை அலுவலரைக் கேட்கணும், வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கணும், சேதக் கணக்கில் பெயர் ஏறியதா என்று பார்க்கணும். நாலு நாள் தூங்காதவருக்கு இதில் ஒவ்வொன்றும் மலை. விடியுமுன்னே முழிப்பு, சோறு இறங்காமை, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் மனச்சோர்வின் அறிகுறிகள்.

கவலைக்குக் காரணம் இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற கதிர் மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்ததைப் பார்த்தவர்கள் நாம். 2023 பிப்ரவரியிலும் பருவம் தப்பிய மழை அடித்தது. தப்பித்ததை அறுத்துக் கொண்டுபோனால், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று மூட்டையை நிறுத்திவைப்பார்கள். கால் எதனால் ஒடிந்தது என்று தெரிந்துவிட்டால் கட்டுப் போடாமல் விடுகிறோமா? அவசியம் போய்ப் பாருங்கள். இன்னொன்று: தூக்கத்துக்காக ராத்திரி குவாட்டர் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். மூன்று மணிக்கு எழுப்பிவிடுவதே அதுவாக இருக்கலாம்.

காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கஜா போய் எத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா?
*வாசகர், பேராவூரணி*

இன்னும்தான், தம்பி. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், உங்கள் பகுதித் தோப்புகளை விடிவதற்குள் சாய்த்துவிட்டது. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும். தோப்பு கிடந்த கிடப்பை அப்பா பார்த்தது காலையில், அது விழுகிற சத்தத்தைக் கேட்டது ராத்திரி முழுக்க. அந்தச் சத்தத்தை உடம்பு மறப்பதில்லை. நாகப்பட்டினத்தில் டிசம்பர் 26 நெருங்கும்போது கலங்கிப்போகிறவர்களும் இப்படித்தான். 2004 சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்களே.

அப்பாவிடம் "இன்னுமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். புயல் செய்தி நாள் முழுக்க டி.வி.யில் ஓட வேண்டாம். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை வானிலை அறிக்கை கேட்டால் போதும். டார்ச், குடிதண்ணீர், சார்ஜ் ஏற்றிய போன் மூன்றையும் அவர் கையாலேயே எடுத்துவைக்கட்டும். காற்றடிக்கும் ராத்திரி அவர் கட்டிலருகே பாயைப் போட்டுப் படுங்கள். கெட்ட கனவும் திடுக்கிடலும் தொடர்ந்தால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மழைக்காலம் வந்தால் கோயில், கச்சேரி, நண்பர்கள் எதிலும் நாட்டமில்லை. மனசு சரியானதும் கிளம்பலாம் என்றிருக்கிறேன்.
*வாசகர், கும்பகோணம்*

முதலில் கிளம்புங்கள், சார். மனசு பின்னாலேயே வரும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் இதைச் செய்து பார்த்தார்கள். மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வில் இருந்தவர்களோடு ஆறிலிருந்து எட்டு தடவை உட்கார்ந்து பேச வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் செய்யக்கூடிய சின்ன வேலைகளைக் குறித்துக்கொண்டு, பிடிக்கிறதோ இல்லையோ, செய்ய வைப்பதுதான் அந்தப் பேச்சின் மையம். 2017-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் தேறியிருந்தார்கள். நாளைக் காலை ஒரு பழைய மாணவருக்குப் போன் போடுங்கள். திருவையாறு ஆராதனை வரும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பந்தலில் உட்காருங்கள்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்று அடிக்கடி சொல்கிறார் என் கணவர். சாகிற எண்ணமா என்று நேரடியாகக் கேட்டால், இல்லாததை நானே கிளப்பிவிட்டதாகிவிடுமோ?
*வாசகி, திருத்துறைப்பூண்டி*

ஆகாது, தங்கச்சி. இன்றைக்கே கேளுங்கள். "செத்துடலாம்னு தோணுதாங்க?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பலருக்கு அந்தக் கேள்வியே பாரத்தை இறக்கிவைக்க வழி. "ஆமாம்" என்றால் அதட்ட வேண்டாம், புத்திமதி வேண்டாம், தனியே விட வேண்டாம்.

பூச்சிமருந்தை இப்போதே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். சாகும் எண்ணத்தின் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் உயிர் தங்கும். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் ஆய்வு ஒன்று காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நம் பக்கத்தில் பல ஊர்களில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, அங்கே இதைச் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

14416 என்ற டெலி-மானஸ் எண் இரவு பகல் எந்நேரமும் இயங்கும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர், அவருக்குத் தண்டனை கூடாது என்றே 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கருதுகிறது.

மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்கப் போடணுமா?
*வாசகர், திருவாரூர்*

பெரும்பாலானவர்களுக்கு வேண்டியதில்லை. பலன் தெரியவே சில வாரம் ஆகும். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நன்றாயிருக்கிறது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்கணும். ஆரம்பிக்குமுன் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இவற்றில் ஏதாவது குறைந்தாலும் இதே சோர்வு வரும்.