இன்னும் நியமிக்கப்படாத அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம்

மேன்மை தங்கிய அதிகாரி அவர்கள் சமூகத்திற்கு,

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் நெடுங்காலமாக வசித்து வருபவனும், வீட்டு வரியில் பாக்கி எதுவும் வைக்காதவனும், மாலை வேளைகளில் சாலையோரமாக நடந்து செல்லும் பழக்கத்தை இந்த வயதிலும் கைவிடாதவனுமாகிய அடியேன் மிகுந்த வணக்கத்துடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்.

தங்கள் திருநாமமும் அலுவலக விலாசமும் எனக்குத் தெரியாது. சாலையோர மரங்களை இயந்திரங்கள் கொண்டு வீழ்த்தும்போது மனித உயிருக்கு ஊறு நேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்று விசாரித்துக்கொண்டு நான் படியேறிய இடங்களிலெல்லாம், அது பக்கத்துக் கட்டடத்தைச் சார்ந்தது என்ற விடையே குறைவற்ற மரியாதையுடன் எனக்கு அருளப்பட்டது. சாலை ஓர் இலாகாவுக்கு உரியது. மரத்தின் மேலாகச் செல்லும் மின்கம்பி இன்னோர் இலாகாவுக்கு உரியது. விழுந்த மரம் ஏலம் எடுத்தவருக்கு உரியது. மரத்தை முட்டித் தள்ளும் பொக்லைன் அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டவருக்கு உரியது. பொக்லைனின் இரும்புக் கைக்கும் சாயப்போகும் மரத்துக்கும் இடையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் மாத்திரம் அவனைப் பெற்றவளுக்கு உரியவன். ஆகவே, எந்த இலாகாவிலும் இன்னும் நியமனம் பெறாதவரும், நியமனம் பெற்றால் எல்லா இலாகாக்களுக்கும் ஓரளவு சங்கடம் விளைவிக்கக் கூடியவருமான தங்களுக்கே நேரில் எழுதுவதென்று தீர்மானித்தேன்.

கிருஷ்ணகிரியில் புறப்பட்டு, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாக நம் ஊரைத் தொட்டுத் திண்டிவனம் சேரும் தேசிய நெடுஞ்சாலை, முன்பு 66 என்ற எண்ணைத் தரித்திருந்து இப்போது 77 என்ற எண்ணைத் தரித்திருப்பது, தாங்கள் அறிந்ததே. அதன் இருமருங்கிலும் நின்ற புளியமரங்களின் நிழலில் இளமையைக் கழித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, பேருந்தும் லாரியும் ஒன்றையொன்று உராய்ந்துகொண்டு செல்லும்படி சாலை என்றென்றும் குறுகியே இருக்க வேண்டும் என்று வாதாடும் அளவுக்கு நான் ரஸிகன் அல்லன். சாலை அகலமாகட்டும். மரங்கள் போவதானால் போகட்டும். போகும் விதத்தைப் பற்றித்தான் இந்த விண்ணப்பம்.

ஒரு புளியமரம் தன் அந்திய காலத்தில் அடையும் கௌரவங்களைக் கண்டு நான் பலமுறை பிரமித்ததுண்டு. அதன் உடலில் வெள்ளை பூசி எண் எழுதப்படுகிறது. மார்பளவு உயரத்தில் அதன் சுற்றளவை நாடா பிடித்து அளக்கிறார்கள். அதன் வயது, அதிலிருந்து தேறக்கூடிய கட்டை, விறகு, அவற்றின் மதிப்பு யாவும் கணக்கிடப்படுகின்றன. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள பசுமைக் குழு அதன் மரணத்துக்குச் சம்மதம் அளிக்க வேண்டும். ஒன்று போனால் பத்து நட வேண்டும் என்ற நிபந்தனையும் அத்துடன் சேர்ந்து வருகிறது. இவ்வளவும் மிகவும் நியாயமானவையே. ஆனால் இந்த மரத்தின் அடியில் நிற்கப்போகும் மனிதனுக்கு எண் இல்லை. அவன் சுற்றளவை எவரும் அளந்ததில்லை, அளந்தாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. அவன் போனால் பத்துப் பேரை நட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

மரத்தை வீழ்த்துவது எப்படி என்பதைத் தங்களுக்கு விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம் என்றாலும், தாங்கள் இன்னும் நியமனம் பெறவில்லையாதலால் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். கோடரிக்காரர்கள் காலத்திலிருந்தே இதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. எந்தத் திசையில் மரம் விழ வேண்டுமோ அந்தத் திசையில், அடிமரத்தின் விட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரைக்கும் முதலில் வாய் வெட்ட வேண்டும். பிறகு எதிர்ப்புறத்தில் சற்று உயர்த்திப் பின்வெட்டு வெட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு வெட்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவே கொஞ்சம் கட்டையை விட்டுவைத்தால், அது கதவுக்குக் கீல் போல இருந்து, மரத்தைச் சொன்ன திசையில் சொன்ன வேகத்தில் படுக்க வைக்கும். இப்போதோ பொக்லைன் ஒரு பக்கத்து வேரைப் பறித்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து கையை நீட்டித் தள்ளுகிறது. மண் தோண்டுவதற்கென்று செய்யப்பட்ட இயந்திரம் அது. மரத்துக்குள்ளே என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. கிழப் புளியமரங்கள் வெளியே வைரம் பாய்ந்தும் உள்ளே பொந்து விழுந்தும் இருப்பவை. அப்படிப்பட்டதை இடுப்பில் பிடித்துத் தள்ளினால், அடி அசையாமல் நடு முறிந்து, தலைப்பாகம் தள்ளியவன் தலைமேலேயே திரும்பி வருவதும் உண்டு. வனத்தொழில் செய்யும் பிற தேசங்களில், இயந்திரம் கவிழ்ந்தாலும் கட்டை மேலே விழுந்தாலும் ஓட்டுபவன் நசுங்காதபடி எஃகுக் கூடு வைத்த கூண்டு இல்லாமல் எவரும் அருகே செல்வதில்லை என்று அறிகிறேன். நம்மிடத்தில் கூண்டின் முன்கண்ணாடியில் முருகப்பெருமான் படமும், வாளியின் பல்லில் கோத்த எலுமிச்சம்பழமும் உள்ளன.

பொக்லைன் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் சந்ததி. 1750-இல் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்ததற்குப் பிறகு இவ்வூருக்குள் பிரவேசித்த அடுத்த பெரிய பிரெஞ்சுப் படைக்கலம் இதுவாகத்தான் இருக்கும்.

இனி, நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு மாலை வேளையில் ஒரு மரத்தைக் கழனிப் பக்கமாகச் சாய்ப்பதென்று தீர்மானமாகியிருந்தது. போக்குவரத்தை நிறுத்தும் உத்தியோகம், சிவப்புத் துண்டு ஒன்றைக் கையில் பிடித்த பையனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. டவுன் பஸ் ஒன்று அவனுக்குக் கட்டுப்பட்டு நின்றது. நாலைந்து இருசக்கர வாகனங்கள் கட்டுப்படாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. மரம் தீர்மானத்தை மதிக்கவில்லை. பாரம் முழுவதும் சாலைப் பக்கத்துக் கிளைகளில் இருந்தபடியால், அரைச் சுற்றுச் சுழன்று, சாலைக்குக் குறுக்கே விழுந்தது. பையன் துள்ளினான், ஒரு கிளையின் நுனி அவன் சட்டையை முதுகிலிருந்து இடுப்பு வரை கிழித்துக்கொண்டு போயிற்று. உடம்பில் கீறலும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். பேருந்திலிருந்து ஓர் அம்மாள் இறங்கி, அவன் தலையைச் சுற்றித் திருஷ்டி கழித்தாள். புதுச் சட்டைக்குக் காசு கொடுக்கப்பட்டு, விவகாரம் பரம சுமுகமாக முடிவுற்றது.

கவனித்தருள வேண்டும்: இது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. எவரும் இறக்கவில்லையாதலால் விபத்து நிகழவில்லை. விபத்து நிகழவில்லையாதலால் காரணம் தேட வேண்டியதில்லை. காரணம் தேடாதபடியால் மறுநாள் அதே பையன், புதிய சட்டையுடனும் பழைய துண்டுடனும், அடுத்த மரத்தின் கீழே நின்றான். ஒரு மரணத்துக்கு முன்னால் இத்தகைய கிழிந்த சட்டைகள் எத்தனையோ கழிந்திருக்கும் என்பதையும், அவற்றை எண்ணி வைத்தால் மரணத்தை முன்கூட்டியே சந்தித்து வழிமறித்துவிடலாம் என்பதையும், விமானம் ஓட்டுபவர்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். மரம் வெட்டும் உலகத்தில் நாம் இன்னும் சட்டைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

விழுந்த பிறகாவது மரம் சாதுவாகி விடுகிறதா என்றால் அதுவும் இல்லை. அடியில் அழுந்தி வில்லாய் வளைந்த கிளையை அவசரமாக அறுப்பவன், அது விசையுடன் நிமிரும்போது எதிரே நிற்கிறான். மெஷின் ரம்பத்தின் நுனி மேல்பாகம் கட்டையில் பட்டால், ரம்பம் அறுப்பவன் முகத்தை நோக்கி எகிறும். அதைக் கண நேரத்தில் நிறுத்தும் தடை ரம்பத்திலேயே உண்டு, அது வேலை செய்தால். அறுப்பவனின் தற்காப்பு உடைகள் கைலியும் ஹவாய்ச் செருப்பும். பிறகு ஹைட்ரா கிரேன் வருகிறது. அது கட்டையைத் தொங்கவிட்டபடியே நகரும்போது, ஆடும் கட்டையைக் கையால் பிடித்து நிதானப்படுத்திக்கொண்டு இருவர் பக்கத்தில் நடக்கிறார்கள். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த இருவரின் கதி என்ன என்பதைக் கிரேன்காரர் பார்க்க முடியாது, கட்டை மறைக்கிறது. கடைசியாக லாரி. பின்னால் பல அடி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையின் முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டால் தர்மம் நிறைவேறிவிட்டதாக ஓர் ஐதீகம். அப்படி நீட்டிய பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்கிறது. துணியின் விலை அதைவிடக் குறைவு.

சட்டங்கள் இல்லையென்று சொல்ல வரவில்லை. சட்டங்களுக்கு நம் தேசத்தில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஆலைத் தொழிலாளிக்கு 1948-இல் ஒன்று, தேயிலை காப்பி ரப்பர்த் தோட்டத்தானுக்கு 1951-இல் ஒன்று, சுரங்கத்தானுக்கு 1952-இல் ஒன்று, கட்டுமானத் தொழிலாளிக்கு 1996-இல் ஒன்று என்று பெருகி, கடைசியில் இவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று சட்டங்களை ஒரே தொகுப்பாக்கி 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சாலை போடுகிறவன் கட்டுமானத் தொழிலாளி என்பதில் சந்தேகமில்லை. சாலைக்காக மரத்தை அப்புறப்படுத்துகிறவன் ஏலக்காரரின் ஆளா, ஒப்பந்தக்காரரின் ஆளா, இயந்திரக்காரரின் ஆளா, அல்லது அன்று காலை டீக்கடையில் அகப்பட்ட ஆளா என்பதை நியாயவாதிகள் விவாதித்து முடிவு செய்யலாம். விவாதம் முடியும் வரையில் அவன் மரத்தடியில் நிற்கிறான்.

யானைகளின் நிலை இதைவிட மேலாக இருந்தது. ஆனைமலையில் வெட்டிய தேக்கை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்ட காலத்திலும், அதன்பின் முதுமலையின் தெப்பக்காடு முகாம் யானைகள் கட்டை இழுத்த காலத்திலும், ஒவ்வொரு யானைக்கும் பெயர் உண்டு, பாகன் உண்டு, வேளைக்கு இவ்வளவு கவளம் என்ற கணக்கு உண்டு, வயதானால் ஓய்வும் உண்டு. பறம்பிக்குளத்துக் காட்டு மரத்தைச் சாலக்குடிக்குக் கொண்டு சேர்க்க 1907-இல் கொச்சி சமஸ்தானம் அமைத்த டிராம் பாதையில், இறங்கும் பாரமே ஏறும் வெற்று வண்டியை இழுத்துக்கொள்ளும்படி கம்பி வடம் கட்டி, சரிவுதோறும் தடை போடுவதற்கு ஆள் வைத்திருந்தார்கள். 1963 வரை அது ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, யானைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: கால் வைக்கும் இடம் சரியில்லையென்று தோன்றினால், எஜமானன் யாராயிருந்தாலும் அது நின்றுவிடும். பொக்லைனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கயிற்றைப் பிடித்திருப்பவனுக்கும் இல்லை. மறுத்தால் நாளைக்கு வேறொருவன் வருவான்.

எங்கள் ஊர் அபாயத்துக்குப் புதியதன்று. மொகலாயத் தளபதி ஸுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். தேசிங்கு ராஜன் 1714-இல் இந்த மண்ணில்தான் மாண்டான். அந்தப் போர்களில் எல்லாம் பீரங்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதாவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சியை மாத்திரம், உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பின்பு வெளியூர் வாகனங்களும் பெருகிவிட்டன. அவர்கள் கோட்டையைப் பார்க்க வருகிறார்கள். மரத்தடியில் மாட்டிக்கொள்வதற்கு அல்ல.

தங்கள் நியமனம் தாமதப்படுமானால், இடைக்கால ஏற்பாடாக ஒரு யோசனை சொல்ல அனுமதிக்க வேண்டும். கோட்டையின் ராஜகிரி மலைமேலே எழுந்தருளியிருக்கும் கமலக்கண்ணி அம்மனை அந்தப் பதவியில் முறைப்படி அமர்த்திவிடலாம். கிழிந்த சட்டைகள் அனைத்தும் அவள் கணக்கில்தான் இப்போதே எழுதப்பட்டு வருகின்றன; பத்திரிகைகளும் தெய்வாதீனமாக உயிர் தப்பினார் என்றே அச்சிடுகின்றன. சம்பளம், பயணப்படி, ஓய்வூதியம் எதுவும் கேளாமல் இத்தனை காலம் வேலை பார்த்தவளுக்கு ஓர் உத்தரவாவது பிறப்பிப்பது நியாயம். அவளால் தடுக்க முடியாமற்போன நாட்களுக்கு விளக்கம் கேட்டு மலை மேலே குறிப்பாணை அனுப்பவும் அப்போது அதிகாரம் உண்டாகும்; படிகள் செங்குத்தானவை என்பதால், கொண்டு செல்லும் ஊழியருக்கு மாத்திரம் விசேஷப் படி அளிக்க வேண்டியிருக்கும்.

அது சாத்தியமில்லையென்றால், சாத்தியமானவற்றைக் கேட்கிறேன். சாயப்போகும் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலைக்காரரைத் தவிர எவரும் நிற்கக் கூடாதென்பது உலகெங்கும் இத்தொழிலின் முதல் பாடம். அந்தத் தூரத்தில் இரு பக்கமும் சாலையை மூடச் சொல்லுங்கள், பையனிடமிருந்து துண்டை வாங்கிப் போலீஸ்காரரிடம் கொடுங்கள். மேலே செல்லும் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தாமல் மரத்தைத் தொட அனுமதிக்காதீர்கள். பொந்து விழுந்த மரத்தைத் தள்ளாமல், கிளை கிளையாக மேலிருந்து இறக்கச் சொல்லுங்கள். தலைக்கவசமும் கால்மூடிய செருப்பும் ஏலக்காரர் செலவில் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு மரத்தின் எண்ணுக்கும் எதிரே, அதை வீழ்த்தியவர்களின் பெயரையும், அன்று எவர் எவ்வளவு தூரத்தில் தப்பினார் என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் ஏல நிபந்தனைகளில் சேர்ப்பதற்கு அரைத் தாள் போதும். திண்டிவனம் சாலையில் அடுத்த மரத்துக்கு எண் எழுதுவதற்கு முன்னால் அந்த அரைத் தாளை எழுதித் தந்தருள வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
செஞ்சி நகரவாசி