கடையில் வாங்கிய குப்பை

எங்கள் பள்ளிக்கூடத்தில் கழிவு மேலாண்மை என்று ஒரு பாடம் கிடையாது. கழிவு இருந்தால்தானே மேலாண்மை! முழுப் பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் அப்பா தைத்துக் கொடுப்பார். அடுத்த வருஷத்து ரஃப் நோட்டு தயார். நாலு பக்கம் கோடு போட்டது, நாலு பக்கம் கட்டம் போட்டது, நடுவில் நாலு பக்கம் வெள்ளைத்தாள். பாடப் புத்தகம் மேல் வகுப்பு அண்ணன்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். ஓரத்தில் விடை எழுதியிருந்தால் அது இலவச இணைப்பு. எல்லாவற்றையும் சுமந்தது கல்யாண வீட்டு மஞ்சப்பை. பட்டிக்காடு என்று டவுன் பையன்கள் சிரிப்பார்கள். 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. சிரித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ!

இப்போது பேத்திக்கு ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ பிராஜெக்ட். மறுநாள் காலை கொடுக்க வேண்டியதை ராத்திரி ஒன்பது மணிக்குச் சொன்னாள். காலி பாட்டில் வேண்டும், வீட்டில் இல்லை. கடையில் ஜூஸ் வாங்கி, சளியோடு ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்துக் காலி செய்தோம். ஐஸ் குச்சிகளோ யாரும் ஐஸ் தின்னாமலே பாக்கெட்டில் புத்தம் புதிதாக வந்தன. கூடவே தெர்மாகோல், ஜிகினா, பசை. விடிவதற்குள் ஒரு பேனா ஸ்டாண்ட் பிறந்தது.

பள்ளிக் கண்காட்சி வாசலில் ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று ஆளுயர ஃபிளெக்ஸ். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பில் டீ. அந்தக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. டீ நன்றாகவே இருந்தது.

மறுவாரம் பேனா ஸ்டாண்டைப் பழைய பேப்பர்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெறும் பாட்டிலா இருந்தா எடுத்துக்குவேன் சார். பசையும் ஜிகினாவும் ஒட்டினா எவன் வாங்குவான்?” மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய பாட்டிலை, பிராஜெக்ட் செய்து அசல் குப்பையாக்கியிருந்தோம். பேத்திக்குப் பத்துக்கு ஒன்பது மார்க்.

கையால் செய்து கற்க வழியா இல்லை? சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல், முட்டை ஓடு, வளாகத்து வேப்பஞ்சருகு எல்லாவற்றையும் ஒரு குழியில் போட்டு, ஈரம் காயாமல் பிள்ளைகள் கிளறி வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் உரம். அதில் கீரை போடலாம். வகுப்புக் குப்பைக்கூடையை ஒரு வாரம் தராசில் நிறுத்தால் கணக்குப் பாடமும் ஆயிற்று.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த பிராஜெக்டுக்கு ஒரே ஒரு விதி போடுங்கள்: கடைக்குப் போனால் மார்க் கிடையாது.